நவீன நடனம் பார்க்க முதல்முறை போகிறீர்களா? வழக்கமாக வரும் கேள்விகளும் பதில்களும்

நண்பர்களை நவீன நடன நிகழ்ச்சிகளுக்குக் கூட்டிக்கொண்டு போவது எனக்கு நெடுநாள் பழக்கம். போகும் வழியில் சில கேள்விகள் வரும், திரும்பும் வழியில் வேறு சில வரும். ஆள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றை என் பதில்களோடு இங்கே தருகிறேன்.

நவீன நடனம், சமகால நடனம் இரண்டும் ஒன்றுதானா?

வரலாற்றுப்படி பார்த்தால் வேறு வேறு. மேற்கத்தியச் செவ்வியல் நடனமான பாலேயின் இறுக்கமான காலணியையும் உடையையும், முன்கூட்டியே வகுத்து வைத்த அடவுகளையும் வேண்டாம் என்று சொன்னவர்களிடமிருந்து நவீன நடனம் பிறந்தது. இசடோரா டங்கன் (1877–1927) தளர்வான உடையில், வெறுங்காலோடு மேடையேறினார். அவருக்குப் பின் அமெரிக்காவில் மார்த்தா கிரஹாமும் டோரிஸ் ஹம்ஃப்ரியும், ஜெர்மனியில் மேரி விக்மேனும் ஆளுக்கொரு வழி கண்டார்கள். மூச்சு விடும்போது உடலின் நடுப்பகுதி சுருங்குவதையும், மூச்சு இழுக்கும்போது அது விரிவதையும் கிரஹாம் தன் முறைக்கு அடிப்படையாக வைத்தார். ஹம்ஃப்ரியோ விழுவதையும் விழுந்ததிலிருந்து மீள்வதையும் எடுத்துக்கொண்டார்.

1962இல் நியூயார்க்கில் ஜட்சன் தேவாலயத்தில் கூடிய இளைஞர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நடப்பது, ஓடுவது, உட்கார்வது, ஒரு பொருளைச் சுமப்பது எல்லாமே நடனமாகலாம் என்றார்கள். இவை எல்லாவற்றோடும் தெரு நடனம், தற்காப்புக் கலை, நாடகம், காணொளி என்று பலதும் கலந்ததைத்தான் இப்போது சமகால நடனம் என்கிறார்கள். நம் ஊர் நடன அமைப்பாளர் சந்திரலேகா 1985இல் உருவாக்கிய 'அங்கிகா'வில் பரதநாட்டியமும் களரியும் யோகாவும் ஒரே உடலின் மொழியாக வந்தன.

டிக்கெட் வாங்கும்போது இந்தப் பெயர்ப் பிரிவினை பெரிதாக உதவாது. நடனத்தை அமைத்தவர் யார் என்று பாருங்கள். அந்தப் பெயர்தான் உங்களுக்கு நிறையச் சொல்லும்.

கதை புரியாவிட்டால் என்ன செய்வது?

எல்லோருக்கும் முதலில் வரும் பயம் இதுதான். பல படைப்புகளில் கதையே இருக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தால் எடை எங்கே போகிறது என்ற ஒரே கேள்வியிலிருந்து ஒரு முழு நிகழ்ச்சி பிறக்கும். அங்கே போய் யார் நாயகி, யார் வில்லன் என்று தேடினால் ஒரு மணி நேரமும் தேடலிலேயே போய்விடும்.

எனக்கும் அப்படித்தான் ஆனது. நான் பார்த்த முதல் நிகழ்ச்சியில் மூன்று பெண்கள் ஆடினார்கள். அவர்களில் யார் அம்மா, யார் மகள் என்று கண்டுபிடிக்கவே என் கவனமெல்லாம் செலவானது. கடைசியில், நிகழ்ச்சி பற்றி அரங்கில் தந்த குறிப்பேட்டை எடுத்துப் படித்தால் அம்மாவும் இல்லை, மகளும் இல்லை. அந்த மாலையிலிருந்து இன்றும் என்னிடம் மிச்சமிருப்பது ஒரே ஒரு கணம். ஒருத்தி இன்னொருத்தியின் முதுகில் தலையைச் சாய்த்தாள். இருவருடைய மூச்சும் மெல்ல மெல்ல ஒரே தாளத்துக்கு வந்தது. அதைப் பார்த்தபோது மட்டும் நான் எதையும் தேடவில்லை.

மார்த்தா கிரஹாம் 1930இல் 'லாமென்டேஷன்' என்ற சிறு தனி நடனத்தை ஆடினார். புலம்பல் என்று பொருள். இழுத்தால் நீளும் துணிக்குழாய் ஒன்றுக்குள் உட்கார்ந்தபடியே ஆடுவது. முகம், கைகள், பாதங்கள் மட்டும் வெளியே தெரியும். உடல் உள்ளிருந்து தள்ளத் தள்ளத் துணி கூர்கூராக நீண்டு, முறுக்கி, மடங்கும். அதைப் பார்த்த ஒரு பெண் நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து நன்றி சொன்னதைக் கிரஹாமே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணின் பிள்ளை அவர் கண்ணெதிரே வண்டி மோதி இறந்திருந்தது. அதன்பின் யார் என்ன செய்தும் அழ முடியாமல் இருந்தவர், அன்று அரங்கில் உட்கார்ந்து அழுதார். அந்தத் துணிக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் விளக்கவில்லை.

அதனால் 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்லும் முன் 'எனக்குள் எங்கே என்ன ஆனது' என்று கேட்டுப் பாருங்கள். தோள் இறுகியதா, மூச்சை அடக்கிக்கொண்டீர்களா, எரிச்சல் வந்ததா? இவை எல்லாமே பதில்கள்தான்.

சரி, கதையைத் தேட வேண்டாம். அப்புறம் எதைத்தான் பார்ப்பது?

நான் முதலில் பாதங்களைப் பார்ப்பேன். எடை எந்தக் காலில் இருக்கிறது, எப்போது அடுத்த காலுக்கு மாறுகிறது என்று சில நிமிடங்கள் பின்தொடர்ந்தாலே கண் பழகிவிடும். பாலேயில் உடல் தரையை விட்டு எழும்பத் துடிக்கும். இங்கே தரை ஒரு துணை நடனக்காரர் மாதிரி. விழுவார்கள், உருள்வார்கள், முதுகால் தள்ளி எழுவார்கள். விழும்போது சத்தம் கேட்கிறதா இல்லையா என்று கவனியுங்கள். அவ்வளவு உயரத்திலிருந்து சத்தமே இல்லாமல் தரையில் கரைவதற்கு எத்தனை வருடப் பயிற்சி வேண்டும் என்பது அப்போது தெரியும்.

அடுத்தது மூச்சு. இசை இல்லாத பகுதிகளில் நடனக்காரர்கள் ஒருவர் மூச்சை இன்னொருவர் கேட்டுத்தான் ஒன்றாகத் தொடங்குகிறார்கள். முன்வரிசையில் இருந்தால் உங்களுக்கும் அது கேட்கும்.

அப்புறம் இடைவெளி. இரண்டு உடல்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம் குறைகிறதா, கூடுகிறதா? மேடையின் ஓரத்தில் ஒருவர் தனியே நின்றால் கண் ஏன் அங்கேயே போகிறது? பார்வையையும் கவனியுங்கள். இவோன் ரெய்னர் 1966இல் அமைத்த 'டிரியோ ஏ' நடனத்தில் ஆடுபவர் ஒருமுறைகூடப் பார்வையாளர்களின் கண்ணைச் சந்திக்க மாட்டார். முகம் நம் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் கண் வேறு பக்கம் போய்விடும், அல்லது மூடிக்கொள்ளும். தன்னைக் காட்டிக்கொள்ளாத அந்த உடலை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதே அங்கே கேள்வியாகிவிடுகிறது.

மேடையில் பத்துப் பேர் ஒரே சமயம் வெவ்வேறு அசைவு செய்தால் எல்லோரையும் பார்க்க முடியாது. முயலவும் வேண்டாம். ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவரோடே போங்கள், பிறகு ஆளை மாற்றுங்கள். பக்கத்து இருக்கைக்காரர் வேறொரு நடனத்தைப் பார்த்திருப்பார். அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

பரதநாட்டியத்தில் முத்திரைக்கு அர்த்தம் உண்டு. இங்கே கை அசைவுக்கு அகராதி எதுவும் இல்லையா?

பொது அகராதி கிடையாது. ஆனால் பரதநாட்டியம் பார்த்துப் பழகியவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. பொருளை நடித்துக் காட்டும் அபிநயப் பகுதியை விட்டுவிடுங்கள், கதையில்லாத தூய ஆட்டமான ஜதிஸ்வரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே கதையா பார்க்கிறோம்? கோடு, தாளம், முழங்கால் மடக்கி நிற்கும் அரைமண்டியின் உறுதி, ஒரு அடவு மூன்று காலத்தில் மாறுவது என்றுதானே ரசிக்கிறோம்! நிருத்தம் என்னும் இந்தத் தூய ஆட்டத்தைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு நவீன நடனம் அவ்வளவு அந்நியம் இல்லை.

ஒவ்வொரு படைப்பும் தன் அகராதியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் என்பதுதான் வேறுபாடு. ஒருவர் உள்ளங்கையால் கண்ணை மறைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல்முறை அது ஒரு அசைவு, அவ்வளவுதான். பத்து நிமிடம் கழித்து இன்னொருவர் அதையே செய்தால் நமக்குள் ஏதோ ஒட்டிக்கொள்ளும். கடைசியில் எல்லோரும் சேர்ந்து செய்யும்போது அந்தக் கைக்குப் பொருள் வந்துவிட்டிருக்கும்.

இசை ஒரு பக்கம் போகிறது, ஆட்டம் ஒரு பக்கம் போகிறது. தவறு நடந்துவிட்டதா?

பெரும்பாலும் வேண்டுமென்றே செய்ததுதான். அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் (1919–2009) இசையமைப்பாளர் ஜான் கேஜும் இசை நடனத்துக்கு அடிமையில்லை, நடனமும் இசைக்கு அடிமையில்லை என்று முடிவெடுத்தார்கள். எத்தனை நிமிடம் என்பதை மட்டும் பேசிக்கொண்டு தனித்தனியே உருவாக்குவார்கள். நடனக்காரர்கள் ஒத்திகையில் இசையில்லாமல், நிறுத்துகடிகாரத்தை வைத்துப் பழகுவார்கள். பல சமயம் அரங்கேற்ற இரவில்தான் இரண்டும் முதல்முறை ஒன்றையொன்று சந்திக்கும். எந்த அசைவுக்குப் பின் எது என்பதை நாணயம் சுண்டி முடிவுசெய்வதும் உண்டு.

இப்படிப்பட்ட நிகழ்ச்சியில் இசையை மழைச் சத்தம் போல எடுத்துக்கொள்ளுங்கள். மழையும் பெய்கிறது, தெருவில் ஆட்களும் நடக்கிறார்கள். எப்போதாவது இரண்டும் தற்செயலாகப் பொருந்தும் கணம் வரும்போது அப்படி ஒரு மகிழ்ச்சி!

எல்லோரும் இப்படி இல்லை. ஆல்வின் எய்லியின் 'ரெவலேஷன்ஸ்' (1960) கறுப்பின மக்களின் பக்திப் பாடல்களிலேயே ஊறிப் பிறந்தது. அங்கே பாட்டையும் உடலையும் பிரிக்கவே முடியாது. நவீன நடனம் உங்களுக்குப் பிடிக்குமோ என்று தயங்கினால் அதிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். சில சமயம் சும்மாவே நிற்கிறார்கள். இதில் என்ன இருக்கிறது?

திரும்பச் செய்வது எதுவும் உண்மையில் அப்படியே திரும்புவதில்லை. பெல்ஜிய நடன அமைப்பாளர் ஆன் தெரசா டி கீர்ஸ்மேக்கர் 1982இல் 'ஃபாஸ்' என்ற படைப்பைத் தந்தார். ஸ்டீவ் ரைக்கின் இசை. அதன் முதல் பகுதியில் இரண்டு பெண்கள் அருகருகே கைவீசித் திரும்பிக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் மயிரிழை அளவுக்கு வேகம் கூட்டுவார். இருவரும் விலகி, எதிரெதிராகி, மறுபடி ஒன்றாவார்கள். பின்னால் வெள்ளைச் சுவரில் அவர்களுடைய நிழல்கள். நடுவில் விழும் நிழலில் இருவரும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிவார்கள். சலிப்பு வரும் வரை பார்த்து, சலிப்பைத் தாண்டியும் பார்த்தால்தான் அந்தச் சிறு விலகல் பெரிய நிகழ்வாகத் தெரியத் தொடங்கும். எனக்குப் பத்தாவது நிமிடத்தில்தான் அது பிடிபட்டது.

அசையாமல் நிற்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1957இல் அமெரிக்க நடன அமைப்பாளர் பால் டெய்லர் வழங்கிய ஒரு நிகழ்ச்சியில் 'டூயட்' என்ற பகுதி. அவர் நின்றார், உடன் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார், இருவரும் அசையவேயில்லை. விமர்சகர் லூயிஸ் ஹார்ஸ்ட் பதிலுக்கு ஒரு பத்திரிகையில் வெற்று இடத்தை விமர்சனமாக வெளியிட்டார். கோபப்பட்ட அந்த விமர்சகரையும் நான் மதிக்கிறேன், துணிந்து நின்றவரையும் மதிக்கிறேன். அசையாத உடலைக் கொஞ்ச நேரம் பார்த்துப் பாருங்கள். கண்ணிமை, விலாவின் ஏற்ற இறக்கம், எடையைத் தாங்கும் கணுக்காலின் நடுக்கம் என்று எத்தனையோ அசைவு அங்கே நடந்துகொண்டிருக்கும்.

எந்த இருக்கை நல்லது?

முதல்முறை என்றால் நடுவில், முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல், தரை தெரியும் உயரத்தில் உட்காருங்கள். தரை தெரிவது முக்கியம். முன்வரிசையில் மேடை உயரமாக இருந்தால் பாதங்கள் மறைந்துவிடும், படுத்துச் செய்யும் பகுதி முழுதும் போய்விடும். ஜெர்மன் நடன அமைப்பாளர் பீனா பாஷ் 1975இல் ஸ்டிராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' இசைக்கு அமைத்த நடனத்தில் மேடை முழுவதும் மண் பரப்பியிருப்பார்கள். ஆட ஆட அந்த மண்ணில் தடங்கள் விழும், வியர்த்த உடலில் ஒட்டும். அந்தத் தடங்கள் மேலிருந்து பார்ப்பவர்களுக்குத்தான் முழுதாகத் தெரியும். பெரிய குழு நடனத்துக்குப் பால்கனி இருக்கையைக் குறைவாக மதிக்காதீர்கள்.

ஒருவரோ இருவரோ மட்டும் ஆடும் நிகழ்ச்சிக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்குங்கள். வியர்வை தெறிப்பதும் தோல் தரையில் உரசும் சத்தமும் அந்த நடனத்தின் பாகம்தான்.

எவ்வளவு நேரம் ஓடும்? இடைவேளை உண்டா?

ஒரே படைப்பு என்றால் பெரும்பாலும் ஐம்பது நிமிடத்திலிருந்து எண்பது நிமிடம், இடைவேளை இருக்காது. இரண்டு மூன்று குறும்படைப்புகள் சேர்ந்த நிகழ்ச்சியில் நடுவே இடைவேளை விடுவார்கள். உள்ளே போகும் முன் கழிவறைக்குப் போய்விடுங்கள்.

தாமதமாகப் போனால் உள்ளே விடுவார்களா?

விடாமலும் இருக்கலாம். கோபப்பட வேண்டாம். நடன மேடையில் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து, சில விளக்குகள் முழங்கால் உயரத்திலிருந்தும் வரும். உடலின் வடிவம் செதுக்கினாற்போல் தெரிய அதுதான் வழி. அப்படி இருட்டாக வைத்த அரங்கில் கதவு திறந்து வெளிச்சம் உள்ளே வந்தால் அத்தனை பேரின் கண்ணும் அங்கே திரும்பும். ஆடுபவரின் கண்ணும்தான். ஒரு காலில் சமநிலையோடு நிற்கும் ஒருவருக்கு அது ஆபத்தும்கூட. அரை மணி நேரம் முன்னதாகப் போய்க் குறிப்பேட்டை ஒருமுறை புரட்டுங்கள். தலைப்பையும் பெயர்களையும் பாருங்கள். நீண்ட விளக்கக் கட்டுரை இருந்தால் அதை நிகழ்ச்சிக்குப் பிறகு படியுங்கள். முன்பே படித்தால் எழுதியிருப்பது நடக்கிறதா என்று சரிபார்க்கும் வேலைதான் நடக்கும்.

என்ன உடுத்திக்கொண்டு போவது?

உட்கார வசதியான எதுவும். சலசலக்கும் நகையும் தூக்கலான வாசனைத் திரவியமும் மட்டும் வேண்டாம்.

போனை அதிர்வில் வைத்தால் போதுமா? ஒரு சின்னப் படம் எடுத்துக்கொள்ளலாமா?

அணைத்துவிடுங்கள். அமைதியான பகுதியில் அதிர்வுச் சத்தம் மூன்று வரிசைக்குக் கேட்கும். நேரம் பார்க்கத் திரையை ஒளிரவிட்டாலே பின்னாலிருப்பவர்களுக்கு மேடை மங்கிப்போகும். படம் எடுப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்த உடலும் அந்த அசைவும் அவர்களுடையது. அனுமதி இல்லாமல் எடுத்துச் செல்லக் கூடாது. முடிவில் ஆடியவர்கள் வணக்கம் சொல்லும் நேரத்தில் எடுக்கலாம் என்று அரங்கமே அறிவித்தால் தாராளமாக எடுங்கள்.

இருமலுக்கு யாரும் பொறுப்பில்லை. வந்தால் இருமுங்கள்.

எப்போது கைதட்டுவது?

விளக்குகள் முழுதாக அணைந்து, மறுபடி எரிந்து, ஆடியவர்கள் நம் பக்கம் திரும்பி நிற்கும்போது. இருட்டானது முடிவா, அடுத்த பகுதிக்கான இடைவெளியா என்று பழகியவர்களுக்கே பல சமயம் தெரியாது. இரண்டு மூச்சு பொறுங்கள். முடிந்ததும் யாரும் உடனே தட்டாத அந்தச் சில நொடி அமைதியைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

படைப்பைப் பொறுத்தது. வயது வரம்பு, உடையற்ற உடல், உரத்த சத்தம், புகை, வெட்டி வெட்டி மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள் ஸ்ட்ரோப் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். தடை எதுவும் இல்லையென்றால் குழந்தைகள் அருமையான பார்வையாளர்கள். 'அவர் ஏன் ஈரத்துணி மாதிரி விழுகிறார்' என்று ஒரு குழந்தை என்னிடம் கேட்டதைவிட நல்ல விமர்சனத்தை அந்த நிகழ்ச்சி பற்றி நான் படிக்கவில்லை.

பிடிக்காவிட்டால் எழுந்து போகலாமா?

போகலாம். உடல் நடுங்கும் அளவுக்கு எதையாவது கிளறிவிட்டால் உடனே எழுந்து வெளியே வாருங்கள், யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம். வெறும் சலிப்பு என்றால் பகுதி மாறும் இருட்டு வரை காத்திருங்கள். பீனா பாஷின் தொடக்க கால நிகழ்ச்சிகளில், அவருடைய குழு இருந்த ஜெர்மனியின் வூப்பர்டால் நகரத்துப் பார்வையாளர்கள் கதவை அறைந்துவிட்டு வெளியேறியிருக்கிறார்கள். பிற்பாடு அதே ஊர் அவருடைய குழுவால் உலகெங்கும் அறியப்பட்டது. வெறுப்பும் ஒரு தொடர்புதான் என்று நினைக்கிறேன். எதுவுமே தோன்றாமல் போவதுதான் எனக்கு வருத்தம்.

தூக்கம் வந்தால்? இரண்டு நிமிடம் கண் அயர்ந்தால் குற்றமில்லை. குறட்டை வந்தால் பக்கத்தில் இருப்பவர் தட்டி எழுப்பட்டும்.

வீடியோவில் பார்த்தால் போதாதா?

ஒரு படைப்பைப் படிக்க வீடியோ நல்ல துணை. கன்னிங்ஹாமே கேமராவுக்கென்று தனியாக நடனங்கள் அமைத்தவர். ஆனால் எங்கே பார்ப்பது என்பதை அங்கே கேமரா முடிவுசெய்துவிடும். ஓரத்தில் நிற்கும் அந்த ஒருவரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. இன்னொன்று, எதிரே ஒருவர் உயரத்திலிருந்து விழும்போது அரங்கமே மூச்சை இழுத்துப் பிடிக்கும். திரைக்கு முன் எனக்கு அது நடந்ததேயில்லை.

நிகழ்ச்சிக்குப் பிந்தைய கலந்துரையாடலுக்கு இருக்க வேண்டுமா? என்ன கேட்பது?

முடிந்தால் இருங்கள். 'இதற்கு என்ன அர்த்தம்' என்று கேட்டால் நடன அமைப்பாளர்கள் பெரும்பாலும் கேள்வியை நம்மிடமே திருப்பிவிடுவார்கள். வேலையைப் பற்றிக் கேளுங்கள். அந்தத் தூக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? எதையெல்லாம் வெட்டினீர்கள்? இன்றைக்கு எந்த இடம் நேற்றைவிட மாறியது? ஆடியவர்களிடமும் கேளுங்கள், அவர்களை அங்கே பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒருமுறை ஒரு பெண்ணிடம் 'அவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கொண்டு சுற்றும்போது எப்படித் திசை தெரிந்தது' என்று கேட்டேன். ஒரு பக்க விளக்கின் சூட்டை வலது கன்னத்தில் தேடிக்கொண்டே சுற்றினேன் என்றார். மறுநாளும் அதே நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கிப் போய், அந்த இடம் வந்ததும் அவர் வலது கன்னத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.